அமாவாசைக்கு மறுநாள்

அத்தியாயம் 6

கடிதத்தில் எல்லாம் இருந்தது. கையெழுத்து மட்டும்தான் பாக்கி.

‘டிசைன் திருடிய குற்றத்துக்காக இளமதி என்பவரை ஆரணியில் எந்தப் பட்டு முதலாளியும் வேலைக்கு வைக்கக் கூடாது. அவருடைய தகப்பனார் சின்னப்பையனுக்கு யாரும் நெய்யப் பாவு கொடுக்கக் கூடாது. இப்படிக்கு, பட்டு முதலாளிகள் சங்கம்.’

ஜீவானந்தம் நின்றுகொண்டே படித்துவிட்டு மேசையில் வைத்தான். சுவர்க் கடிகாரத்தில் மணி பத்து இருபது.

“நாலு மணிக்கு சங்கத்துக்காரங்க வர்றாங்க சார்,” என்றார் பட்டு முதலாளி ஜெயவேல். “வந்ததும் கையெழுத்துப் போட்டுடுவாங்க. நாளைக்கு எல்லாக் கடைக்கும் போயிடும்.”

“அப்ப அஞ்சரை மணி நேரத்துக்கு மேல கீது,” என்றார் கன்னியம்மா. “அதுல சோறு துண்ண அரை மணி கழிச்சிக்கோ தம்பி.”

கன்னியம்மா போலீசில் ஏட்டாக இருந்து போன வருடம் ஓய்வு பெற்றவர். ஓய்வு பிடிக்காமல் ஜீவானந்தத்திடம் வந்து சேர்ந்தார். வாயை மூடச் சொல்லக் கூடாது என்பது மட்டும்தான் அவர் போட்ட நிபந்தனை. ஜீவானந்தத்துக்கு முப்பத்துமூன்று வயது. சென்னையில் நெட்வொர்க் வேலை பார்த்தவன். இரண்டு வருடம் முன்பு அதை விட்டுவிட்டு ஆரணிக்கு வந்து துப்பறியத் தொடங்கினான். அவன் பைக்கில் எப்போதும் இரண்டு ஹெல்மெட் தொங்கும். ஊதா நிறச் சின்ன ஹெல்மெட்டை யாரும் போடுவதில்லை. கன்னியம்மா தன்னுடையதைக் கையோடு கொண்டுவந்துவிடுவார்.

கொசப்பாளையத்தில் ஜெயவேலுக்கு வீடும் கடையும் ஒன்றுதான். முன்கூடத்தில் புடவைகள். நடு அறையில் டிசைன் போடும் கம்ப்யூட்டர். பின்கட்டில் எட்டுத் தறி. மூன்று மாதத்தில் மூன்று டிசைன் போய்விட்டது. தறியில் ஏற்றி முதல் புடவையை அறுத்து எடுப்பதற்குள் அதே கரை, அதே முந்தானை போளூரில் ஒரு கடையின் கண்ணாடிக்குள் தொங்கியது.

“டிசைன் எல்லாம் இந்த ரூட்டர் பெட்டியிலதான் இருக்குது,” என்றார் ஜெயவேல். “உள்ள போகணும்னா பேரு, பாஸ்வேர்டு போடணும். யாரு எத எடுத்தாங்கன்னு பெட்டியே எழுதி வச்சிகினு வரும். மூணு தடவையும் ஒரே பேருதான் சார்.”

அந்தப் பேருக்குரியவள் கதவோரம் நின்றிருந்தாள். இருபத்துநான்கு வயது டிசைனர். விரல் நுனியில் பென்சில் கரி.

“நான் எடுக்கல சார்,” என்றாள் இளமதி. “பாஸ்வேர்டை ரெண்டு தடவை மாத்திட்டேன். மாத்தின பொறவும் போயிருக்குது.”

“பாஸ்வேர்டு உனக்குத்தானே தெரியும்?” என்று ஒரு குரல் வந்தது. பக்கத்துக் கடையிலிருந்து டீ டம்ளரோடு வந்தார் முத்துவேல். ஜெயவேலின் மச்சான். ஜரிகை வியாபாரம். நெற்றியில் ரூபாய் அளவுக்குக் குங்குமம்.

“இன்னும் இன்னா மாமா விசாரணை? பேரே எழுதியிருக்குது.” ஜீவானந்தத்திடம் திரும்பினார். “நீங்க படிச்சவரு. பெட்டி பொய் சொல்லுமா சார்?”

“பொய் சொல்லத் தெரியாது. தப்பா சொல்லத் தெரியும்.”

“எனக்கு இந்தக் கம்ப்யூட்டர் எல்லாம் ஆவாது. போனுல பாட்டு கேட்கறதோட சரி.”

“குங்குமம் பலமா கீதே?” என்றார் கன்னியம்மா.

“வெள்ளிக்கிழமை இல்லியா? அமாவாசைன்னா படவேட்டுக் கோயிலுக்கே போயிடுவேன். அம்மன் என்னை இதுவரைக்கும் கைவிட்டதில்ல.”

டம்ளரைக் காலி செய்துவிட்டுப் போய்விட்டார். ஜீவானந்தம் பெட்டி எழுதிவைத்த பட்டியலைத் திரையில் ஏற்றினான். உட்காரவில்லை. குனிந்து ஒவ்வொரு வரியாக இறக்கினான். ஒரு வரியில் நின்றான்.

“இளமதி, இங்க எப்ப வேலைக்கு வந்தீங்க?”

“2023 ஜூன் சார்.”

“2021 ஜனவரி ஒண்ணாம் தேதி எங்க இருந்தீங்க?”

அவள் விழித்தாள். “காலேஜ் படிச்சிகினு இருந்தேன். கொரோனா நேரம். மொட்டைமாடியில உக்காந்து போனுல பாடம் கேட்டுகினு இருந்தேன்.”

“ஜெயவேல், இந்தப் பெட்டி எப்ப வாங்கினது?”

“2023 பொங்கலுக்கு சார்.”

ஜீவானந்தம் திரையைத் திருப்பிக் காட்டினான். மூன்று திருட்டு. மூன்றுக்கும் ஒரே தேதி. 2021 ஜனவரி 1, நள்ளிரவு தாண்டிச் சில நிமிடங்கள்.

கன்னியம்மா கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு படித்தார். “அப்ப இந்தப் பொண்ணு, வேலைக்குச் சேர ரெண்டு வருசம் முன்னாடி, வாங்காத பெட்டியில பூந்து, வரையாத டிசைனத் திருடியிருக்குது. என் சர்வீஸ்ல இப்டி ஒரு கில்லாடியப் பாத்ததில்லமா.”

ஜெயவேலின் முகம் சுண்டியது. “தேதி ஏதோ மிஷின் கோளாறுன்னு வுட்டுட்டேன் சார். பேரத்தான் பாத்தேன்.”

“எல்லாரும் பேரைத்தான் பாக்கறாங்க,” என்றான் ஜீவானந்தம். “இந்தப் பெட்டிக்குள்ள பேட்டரி கிடையாது. கரண்டு போனா தேதி மறந்துடும். திரும்ப வந்ததும், செஞ்சவங்க எழுதிவச்ச முதல் தேதியிலேர்ந்து எண்ண ஆரம்பிக்கும். 2021 ஜனவரி ஒண்ணு. இன்டர்நெட் கிடைச்சப்புறம்தான் சரியான தேதியை வாங்கிக்கும்.”

“எவ்ளோ நேரம் ஆவும்?”

“உங்க லைனுக்குப் பதினொரு நிமிஷம் ஆகுது. இதோ, ஜனவரி ஒண்ணுக்கு அடுத்த வரியே ஜூன் 26, காலை ஏழு மணி பதினாறு.”

ஜெயவேல் தலையை ஆட்டினார். “இல்ல சார். கரண்டு போவ சான்ஸே இல்ல. இன்வர்ட்டர் போட்டிருக்கேன். மழை பேஞ்சாலும், கம்பம் சாஞ்சாலும் இந்தப் பெட்டி அணைஞ்சதில்ல.”

அது உண்மை என்று பட்டியலும் சொன்னது. இந்த மூன்று மாதத்தில் மூன்று தடவை தவிர அது அணைந்ததே இல்லை.

ஜீவானந்தம் அறையைச் சுற்றி நடந்தான். ஜன்னல் வரை போனான். திரும்பினான். பின்கட்டில் எட்டுத் தறியும் ஓடிக்கொண்டிருந்தன. அந்தச் சத்தத்துக்குள் ஒரு யோசனையை நிறுத்திப் பிடிப்பது கஷ்டமாக இருந்தது. மணி பத்து ஐம்பது.

ரூட்டர் பெட்டி அலமாரியில் இருந்தது. கறுப்புப் பெட்டி, இரண்டு கொம்பு. மேலே சந்தனம், நடுவில் குங்குமம். ஜீவானந்தம் நகத்தால் சுரண்டினான். அடியில் இன்னொரு பொட்டு. அதற்கும் அடியில் இன்னொன்று.

“இது யார் வைக்கிறது?”

“நான்தான் சார். அமாவாசைக்கு அமாவாசை.”

“அன்னைக்கு என்ன செய்வீங்க? ஒண்ணு விடாம சொல்லுங்க.”

“இன்னா செய்வேன்... அமாவாசைன்னா தறி ஓடாது. தறிக்கு லீவு வுட்டா இதுக்கும் வுடணும் இல்ல? மெயினை அணைச்சி, இன்வர்ட்டரையும் அணைச்சி, எல்லாத்தையும் தொடைச்சி பொட்டு வச்சிடுவேன். மறுநாள் காலையில கற்பூரம் காட்டி, மணி அடிச்சி, என் கையாலயே சுவிட்சப் போடுவேன். எங்கப்பா காலத்துலேர்ந்து அப்டித்தான்.”

“உங்கப்பா காலத்துல ரூட்டர் இருந்திச்சா?” என்றார் கன்னியம்மா.

“தறி இருந்திச்சில்ல? தொழில் பண்ற சாமான் எல்லாம் ஒண்ணுதான்.”

கன்னியம்மா அதற்குள் சுவரில் தொங்கிய மாதக் காலண்டரைப் பின்னோக்கிப் புரட்டிக்கொண்டிருந்தார். ஜூன் 25இல் கறுப்பு வட்டம். ஜூலை 24இல் கறுப்பு வட்டம். ஆகஸ்டு 22இல் ஒன்று. ஜீவானந்தம் திரையிலிருந்து அடுத்தடுத்த வரிகளைப் படித்தான்.

“ஜூன் 26. ஜூலை 25. ஆகஸ்டு 23.”

“மூணும் அமாவாசைக்கு மறுநாள்!” கன்னியம்மா காலண்டரை விட்டார். “பஞ்சாங்கம் பாத்துத் திருடறவன் தம்பி. இனிமே ஸ்டேஷன்ல ஒரு ஐயரையும் போஸ்டிங் போடணும்.”

“ஆனா பாஸ்வேர்டு?” என்றாள் இளமதி. “பெட்டிக்குத் தேதி மறந்தா பாஸ்வேர்டும் மறந்துடுமா சார்?”

“மறக்காது. ஆனா பாஸ்வேர்டை அது ஒரு தடவைதான் கேக்கும். கேட்டுட்டு உங்க மெஷினுக்கு ஒரு சீட்டு குடுக்கும். குக்கீன்னு சொல்வாங்க. அடுத்த தடவையிலேர்ந்து அந்தச் சீட்டைக் காட்டினா போதும்.”

“பஸ் பாஸ் மாதிரின்னு சொல்லு,” என்றார் கன்னியம்மா.

“அதேதான். பாஸ்ல உங்க பேர் இருக்கும், முடியற தேதி இருக்கும். நல்ல சாஃப்ட்வேரா இருந்தா, இந்தப் பாஸ் இன்னும் நடப்புல இருக்கா, ரத்து பண்ணியாச்சான்னு ஆபீஸ்ல விசாரிக்கும். இந்தப் பெட்டியோட சாஃப்ட்வேர் சோம்பேறி. பாஸ்ல இருக்கற தேதியைப் பார்க்கும். தன் கடிகாரத்தைப் பார்க்கும். அவ்வளவுதான்.”

“கண்டக்டர் கடிகாரம் நாலு வருசம் பின்னாடி போயிடுச்சின்னா?”

“பழைய பாஸ் எல்லாம் செல்லும். பதினொரு நிமிஷத்துக்கு.”

“அதான் பாஸ்வேர்டை மாத்தியும்...” இளமதி பாதியில் நிறுத்தினாள். பிறகு கேட்டாள், “முடிஞ்சுபோனது எப்படி சார் திரும்பி வரும்?”

ஜீவானந்தத்தின் பார்வை ஜன்னல் வழியே பைக்கில் தொங்கிய ஊதா ஹெல்மெட்டுக்குப் போனது.

“முடிஞ்சதுன்னு பெட்டிக்குத் தெரியாது. யாராவது சொல்லணும். சொல்ற வரைக்கும் கதவைத் திறந்துகிட்டேதான் இருக்கும்.”

கன்னியம்மா அவனைப் பார்த்தார். வழக்கமாக இந்த இடத்தில் ஒரு கிண்டல் வரும். வரவில்லை.

“சரி,” என்றான் அவன். “உங்க பேர்ல பாஸ் வாங்கின மெஷின் எது எது?”

“இந்தக் கம்ப்யூட்டர். இதுக்கு முன்னாடி ஒரு லேப்டாப் இருந்திச்சி. ஸ்கிரீன் போயிடுச்சின்னு போன ஆயுத பூசைக்குத் தூக்கிப் போட்டாங்க.”

“யார் எடுத்துக்கிட்டாங்க?”

ஜெயவேல் கையை விரித்தார். “ஞாபகம் இல்ல சார். ஒடைஞ்ச நாற்காலி, பழைய பேப்பர், எல்லாத்தையும் வாசல்ல போட்டோம். சாயந்திரத்துக்குள்ள காலியாயிடுச்சி.”

“அந்த லேப்டாப் இந்த ரூட்டர் சிக்னல் எட்டற தூரத்துலதான் இருக்கு.”

கன்னியம்மா விரல் விட்டு எண்ணினார். “எட்டுத் தறிக்காரங்க. பக்கத்துல ஜரிகைக் கடை. எதிர்ல டீக்கடை. நம்ம மொதலாளி வேற. ஒவ்வொரு இடமா பூந்து தேடலாம். வாரண்டு யாரு குடுப்பா, டீ மாஸ்டரா?”

“தேட வேண்டாம். வரவழைக்கலாம்.”

“அமாவாசை ஞாயித்துக்கிழமைதான் வருது சார்,” என்றார் ஜெயவேல். “மகாளயம்.”

“அதுக்குள்ள இந்தக் கடிதம் எல்லாக் கடைக்கும் போயிடும். இன்னைக்கே ஒரு அமாவாசை பண்ணிடுங்க.”

ஜெயவேல் கன்னத்தில் போட்டுக்கொண்டார். “வெள்ளிக்கிழமையில அமாவாசையா?”

“திருஷ்டி பூசைன்னு சொல்லுங்க. தீபாவளி டிசைன் முடிஞ்சிருக்கு, கண்ணு படக் கூடாதுன்னு வாசல்ல நின்னு நாலு பேர் காதுல விழற மாதிரி சொல்லுங்க. மெயினையும் இன்வர்ட்டரையும் அணைச்சிட்டு, கற்பூரம் காட்டி, மணி அடிச்சி, சுவிட்சைப் போடுங்க. வழக்கம் மாதிரியே.”

“பன்னெண்டு வரைக்கும் ராகு காலம்.”

“முடிஞ்சதும் பண்ணுங்க.” ஜீவானந்தம் இளமதியிடம் திரும்பினான். “அதுக்குள்ள எனக்கு ஒரு டிசைன் வேணும். அதுல ஒரு தப்பு இருக்கணும். பட்டு தெரியாதவனுக்கு அழகாத் தெரியணும். தெரிஞ்சவனுக்கு வயிறு எரியணும்.”

இளமதி அன்று முதல் தடவையாகச் சிரித்தாள். “எந்தத் தப்பு சார்?”

“எங்கிட்ட சொல்லாதீங்க. யார்கிட்டயும் சொல்லாதீங்க.”

அவள் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தாள். திரையைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

பன்னிரண்டு ஐந்துக்கு டிசைன் பெட்டிக்குள் போனது. பன்னிரண்டு எட்டுக்கு ஜெயவேல் வாசலில் நின்று, தெருவே திரும்பிப் பார்க்கும்படி, தீபாவளி டிசைனைப் பற்றிப் பேசினார். பன்னிரண்டு பத்துக்கு மெயின் அணைந்தது. மின்விசிறிகள் நின்றன. அறை உடனே புழுங்கியது. மணி அடித்தது. கற்பூர வாசனை நடு அறை வரை வந்தது. பன்னிரண்டு இருபதுக்கு ஜெயவேல் சுவிட்சைப் போட்டார். பெட்டியில் பச்சை விளக்கு கண் சிமிட்டியது.

“ரெண்டு கையும் மேசை மேல வைமா,” என்றார் கன்னியம்மா. “மொதலாளி, நீங்க இங்கியே நின்னு இந்தக் கையப் பாத்துகினு இருங்க. கண்ணக் கூட சிமிட்டாதீங்க.”

இளமதி வைத்தாள். ஜெயவேல் பார்த்தார்.

ஜீவானந்தம் நடந்தான். கதவிலிருந்து ஜன்னலுக்குப் பதினான்கு அடி. ஜன்னலிலிருந்து கதவுக்குப் பதினான்கு அடி. மூன்று நிமிடம் ஆனது. ஆறு ஆனது. பட்டியலை இப்போதே திறந்து பார்க்கலாம். பார்க்கவில்லை. திறந்து பார்த்து ஒன்றுமில்லை என்றால், மீதி நிமிடங்களை எப்படிக் கடத்துவது என்று அவனுக்குத் தெரியவில்லை.

“உக்காருபா,” என்றார் கன்னியம்மா. “உன்னப் பாத்தா எனக்குக் காலு வலிக்குது.”

பெட்டியின் கடிகாரம் இன்றைய தேதிக்கு வந்தது. ஜீவானந்தம் பட்டியலைத் திறந்தான்.

2021 ஜனவரி 1. 12:06. இளமதி. ஒரு டிசைன் எடுக்கப்பட்டது.

இளமதி தன் கைகளைப் பார்த்தாள். மேசையை விட்டு அவை நகரவே இல்லை. ஜெயவேலும் அந்தக் கைகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

“இந்தப் பொண்ணு எடுக்கல,” என்றார் மெதுவாக.

“இத்த சொல்ல உங்களுக்கு மூணு அமாவாசை ஆச்சி,” என்றார் கன்னியம்மா.

“டிசைனை அழிச்சிடுங்க இளமதி,” என்றான் ஜீவானந்தம். “பெட்டியிலேர்ந்தும் கம்ப்யூட்டர்லேர்ந்தும்.”

அழித்தாள்.

“ஆனா சார், சங்கத்துக்காரங்க பழைய ஆளுங்க,” என்றார் ஜெயவேல். “பாஸு, கடிகாரம், பதினோரு நிமிசம்னு சொன்னா நம்புவாங்களா?”

“மாட்டாங்க. அவங்களுக்கு ஆள் வேணும்.”

“யாரு சார் அது?”

“நாலு மணிக்கு அவரே சொல்லுவார்.”

“சரி, யாருன்னு எங்கிட்ட மட்டும் சொல்லு,” என்றார் கன்னியம்மா.

“தெரிஞ்சா நான் ஏன்க்கா நடந்துகிட்டே இருக்கேன்?”

சாப்பாட்டுப் பொட்டலம் இரண்டு வந்தது. இரண்டையும் கன்னியம்மாவே சாப்பிட்டார்.

நான்கு அடிக்கச் சங்கத்துக்காரர்கள் மூன்று பேரும் வந்தார்கள். தலைவர் மாணிக்கவேல் நடுவில் உட்கார்ந்து மூக்குக் கண்ணாடியைத் துடைத்தார். முத்துவேல் தானாகவே ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். தறிக்காரர்கள் எட்டுப் பேரும் பின்கட்டு வாசலில் நின்றார்கள். சின்னப்பையன் எல்லோருக்கும் பின்னால், மகளைப் பார்க்காமல் நின்றார். டீ கொண்டுவந்தவரும் போகாமல் தூணோரம் ஒதுங்கினார்.

மாணிக்கவேல் பேனாவைத் திறந்தார். “சொல்ல வேண்டியது ஏதாவது இருக்குதா சார்? இல்லன்னா ஜல்தியா முடிச்சிடலாம்.”

“ஒண்ணே ஒண்ணு,” என்றான் ஜீவானந்தம். “தீபாவளி டிசைனை இளமதி இன்னைக்குத்தான் முடிச்சாங்க. எனக்குப் பட்டைப் பத்தி ஒண்ணும் தெரியாது. ஆனா இவங்க மாதிரி ஒரு டிசைனர் இந்த ஊருக்குக் கிடைக்க மாட்டாங்க.”

“திருடற கையில வித்தை இருந்தா இன்னா, இல்லாட்டி இன்னா?” என்றார் மாணிக்கவேல்.

“அந்த டிசைன்ல ஒரு குறை சொல்ல முடியாதுங்க.”

பின்கட்டு வாசலில் யாரோ இருமினார்கள். மாணிக்கவேல் கடிதத்தைத் தன் பக்கம் நகர்த்தினார்.

“காசு குடுத்து டவுனுல படிச்சவங்ககூட இப்டிப் போட மாட்டாங்க,” என்றான் ஜீவானந்தம். “ஒவ்வொரு கோடும் இடத்துல இருக்கு.”

பேனா முனை காகிதத்தைத் தொட்டது.

“பட்டு நெய்யறதுக்குன்னே பொறந்த டிசைன்.”

“அட இன்னா சார் நீங்க!” முத்துவேல் எழுந்தேவிட்டார். “தெரியலன்னா தெரியலன்னு வுடுங்க. இடத்துல இருக்குதாம் இடத்துல! முந்தானைய எடுத்து தோள்ல போட்டா அன்னம் அத்தினியும் தலைகீழாத் தொங்குது. கல்யாணப் பொண்ணு கட்டற புடவை சார் அது! இத தறியில ஏத்தினா மாமா மானம் என்னாத்துக்கு ஆவறது? நேத்து தறியில உக்காந்த புள்ளகூட அன்னத்தை இப்டிப்...”

நிறுத்தினார். தவறு புரிந்து நிறுத்தவில்லை. தன் குரலைத் தவிர அந்தக் கூடத்தில் வேறு சத்தமே இல்லை என்பதால் நிறுத்தினார்.

“எந்த அன்னம்ங்க?” என்றார் கன்னியம்மா.

ஜெயவேல் மெதுவாகத் திரும்பினார். “அந்த டிசைன நானே இன்னும் பாக்கல மச்சான்.”

“நானும் பாக்கல,” என்றான் ஜீவானந்தம். “இளமதி, என்ன தப்பு வச்சீங்க?”

“முந்தானையில அன்னம்,” என்றாள் அவள். கையைக் கவிழ்த்துக் காட்டினாள். “தலைகீழா.”

“யாரோ சொன்னாங்க மாமா... காதுல வுழுந்திச்சி...”

“யாரும் சொல்லல சாமி,” என்றார் கன்னியம்மா. “பன்னெண்டு மணிக்குப் பொறந்து, பன்னெண்டரைக்கு செத்துப்போன அன்னம் அது. பாத்தது ரெண்டே ரெண்டு பேரு. ஒருத்தி வரைஞ்சவ.”

சொல்லிவிட்டு அவர் நிற்கவில்லை. ஜெயவேலைக் கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு பக்கத்துக் கடைக்குப் போனார். திரும்பி வரும்போது ஜெயவேலின் கையில் மஞ்சள் துணி சுற்றிய லேப்டாப் இருந்தது. முத்துவேல் அதைச் சாமி படத்துக்குக் கீழே வைத்திருந்தாராம்.

முத்துவேல் நாற்காலியில் சரிந்தார்.

“மொதல்ல தெரியாமத்தான் மாமா. வாசல்ல கெடந்திச்சி. ஸ்கிரீனு மாத்தி பாட்டு கேக்கலாம்னு எடுத்துகினு போனேன். படவேட்டுக்குப் போயிட்டு வந்த மறுநாள் தொறந்தா, பாஸ்வேர்டே கேக்காம உள்ள போயிடுச்சி. சாயந்திரம் தொறந்தா போவல. அடுத்த அமாவாசைக்கு மறுநாள் உங்க பூசை மணி கேட்டதும் தொறந்தேன், திரும்பவும் போச்சி. அம்மன் எனக்கு வழி காட்டறான்னு நெனச்சேன்.”

“அம்மா மேல பழியப் போடாத,” என்றார் கன்னியம்மா. “அவ காட்டற வழி போளூர்க் கடைக்கா போவும்?”

“இன்னைக்கு அமாவாசை இல்லையே,” என்றான் ஜீவானந்தம்.

“மணிச் சத்தம் கேட்டிச்சி சார். கை சும்மா இருக்கல.”

வாயும் சும்மா இருக்கவில்லை. ஜீவானந்தம் நம்பியிருந்தது அதைத்தான். திருடன் வாயை மூடிக்கொள்வான். பட்டுக்காரனால் முடியாது.

மாணிக்கவேல் பேனாவை மூடினார். ஜெயவேல் அவர் காதருகே குனிந்தார். “வீட்டு விஷயம். நாங்க உள்ள பேசிக்கறோம் அண்ணே.” மாணிக்கவேல் தலையாட்டிவிட்டு, கடிதத்தை நான்காக மடித்துச் சட்டைப் பைக்குக் கொண்டுபோனார்.

“அத இங்க குடுங்க,” என்றாள் இளமதி.

“எதுக்குமா? கிழிச்சிடுவேன்.”

“என் பேர்ல எழுதினது. எங்கிட்ட குடுங்க.”

கொடுத்தார். அவள் அதை மேசை மேல் வைத்து, மடிப்பை உள்ளங்கையால் தேய்த்து நேராக்கினாள்.

மூன்று பேரும் எழுந்தார்கள். ஜீவானந்தம் வழியில் நின்றான்.

“உங்க கடையில என்ன ரூட்டர் வச்சிருக்கீங்க?”

“இதேதான் சார். ஜெயவேல் வாங்கினாருன்னு சங்கத்துல மொத்தமா வாங்கினோம். நாப்பது கடைக்கு.”

“அமாவாசைக்கு அணைப்பீங்களா?”

மாணிக்கவேல் பக்கத்தில் இருந்தவரைப் பார்த்தார். அவர் அடுத்தவரைப் பார்த்தார்.

“பொட்டு வச்சி...” என்று தொடங்கிய மூன்றாமவர் முடிக்கவில்லை.

“பழைய கம்ப்யூட்டர், பழைய போன் எல்லாம் யார்கிட்ட இருக்கு? வேலையை விட்டுப் போனவங்க, தங்கச்சி வீட்டுக்காரர், மருமகன்...”

ஒருவர் போனை எடுத்து அவசரமாக யாருடைய எண்ணையோ அழுத்தத் தொடங்கினார்.

“அடுத்த அமாவாசை எப்ப?” மாணிக்கவேல் காலண்டரைத் தேடினார்.

“ஞாயித்துக்கிழமை,” என்றார் கன்னியம்மா. “இன்னைக்கு வெள்ளி. திங்கக்கிழமை காலையில கற்பூரம் காட்டி எல்லாரும் ஒண்ணா கதவத் தொறந்து வுடலாம்.”

“இத சரி பண்ண முடியாதா சார்?”

“முடியும். பெட்டியில ரெண்டு மூணு அமைப்பை மாத்தணும். பழைய பாஸ் எல்லாத்தையும் செல்லாததாக்கணும். கடை கடையாப் போய்ப் பண்ணணும்.”

“நீங்க வருவீங்களா?”

“நாப்பது கடைக்கு என்னால முடியாது. இது தெரிஞ்சவங்க இங்க இன்னொருத்தர் இருக்காங்க. எப்படி மாத்தணும்னு மத்தியானமே காட்டிட்டேன்.”

மூன்று பேரும் இளமதி பக்கம் திரும்பினார்கள்.

பின்கட்டில் ஒரு தறி ஓடத் தொடங்கியது. மற்ற ஏழு பேரும் வாசலில் நின்றுகொண்டிருக்க, சின்னப்பையன் மட்டும் தறியில் போய் உட்கார்ந்துவிட்டிருந்தார்.

இளமதி மாணிக்கவேலின் நாற்காலியை மேசைப் பக்கம் இழுத்து உட்கார்ந்தாள். கடிதத்தைத் திருப்பினாள். பின்பக்கம் வெள்ளையாக இருந்தது. தலைவரிடம் கையை நீட்டினாள். அவருக்கு ஒரு கணம் புரியவில்லை. பிறகு பேனாவைக் கொடுத்தார்.

“ஒவ்வொரு கடையா பேர் சொல்லுங்க,” என்றாள்.